கோப்பெல்லாம் வந்துவிட்டது, கணினி ஏன் எழவில்லை?

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் யாரும் இந்தப் புலம்பலைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்: “அண்ணே, பழைய ஹார்ட் டிஸ்க்குல இருந்ததை ஒண்ணு விடாம புது எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணிட்டேன். விண்டோஸ் ஃபோல்டர்கூட அப்படியே வந்துருச்சு. கழட்டி மாட்டுனா கறுப்புத் திரைதான் வருது, ஏறவே மாட்டேங்குது.” சொல்கிறவர் சொல்வது உண்மைதான். அந்தப் புது எஸ்எஸ்டியை வேறொரு கணினியில் செருகிப் பார்த்தால் படங்கள், பாட்டுகள், விண்டோஸ் கோப்புகள் எல்லாம் வரிசையாக நிற்கும். கண்ணுக்குத் தெரிந்து ஒரு குறையும் இல்லை. ஆனாலும் துவக்க ஒரு வட்டும் கிடைக்கவில்லை என்று கணினி அடம்பிடிக்கும்.

கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அரசு கொடுத்த மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு மாணவர்களின் கைக்குப் போயின. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. அவற்றில் இயங்குதளமும் ஒன்றல்ல, இரண்டு: ஒருபுறம் விண்டோஸ், மறுபுறம் டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பொத்தானை அமுக்கினால் எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். வாங்கிய பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். பெட்டி மட்டும் வீட்டில் தங்கி, இன்று தங்கையின் படிப்புக்கோ, கடைக்கணக்குக்கோ, சம்பா பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் போடவோ உழைத்துக்கொண்டிருக்கிறது. நவம்பர் நடுவில் காப்பீட்டுக் கெடு நெருங்கும்போது அடங்கலும் வங்கிப் புத்தகமும் கையுமாகப் பத்துப் பேர் காத்திருக்க, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்பது அதன் முன் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கணினிகள் ஏன் இவ்வளவு தடுமாறுகின்றன என்பதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற வரியைப் பாருங்கள். பயன்பாடு 100 விழுக்காடு என்று சிவந்து நிற்கும். பக்கத்திலேயே விநாடிக்கு 1 எம்பி, சில சமயம் அதற்கும் குறைவு என்று இருக்கும். முழு மூச்சில் உழைத்தும் விநாடிக்கு 1 எம்பிதானா? அதே வட்டிலிருந்து ஒரு சினிமாவைப் படியெடுத்தால் விநாடிக்கு 80 எம்பி தாராளமாக வருகிறதே!

விடை வன்தட்டின் உடலமைப்பில் இருக்கிறது. உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து எழுத்தைப் படிக்கிறது. மடிக்கணினி வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. விநாடிக்கு 90 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய இடம் கைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கை சரியான தடத்துக்கு நகர்ந்து நிலைகொள்ள இன்னொரு 12 மில்லிவிநாடி. ஆக, எங்கோ கிடக்கும் ஒரு துண்டைப் படிக்க 17, 18 மில்லிவிநாடி ஆகும். ஒரு விநாடியில் 60 துண்டுகூடத் தேறாது. துண்டு ஒன்றுக்கு 16 கேபி என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு ஏறத்தாழ 1 எம்பி. திரையில் பார்த்த அதே எண்.

சினிமா என்பது தொடர்ச்சியாகக் கிடக்கும் ஒரே கோப்பு, கை அதிகம் நகர வேண்டாம். இயங்குதளம் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், வட்டெங்கும் சிதறிக் கிடப்பவை. எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. எந்தத் துண்டைக் கேட்டாலும் மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கொடுத்துவிடும். ‘பழைய மடிக்கணினியின் சாட்டா இணைப்பு வேகம் குறைந்தது, அதில் எஸ்எஸ்டி போட்டுப் பயனில்லை’ என்று சிலர் தயங்குவதுண்டு. அது வீண் தயக்கம். இணைப்பின் வேகம் குறைவாக இருந்தாலும் காத்திருக்கும் நேரம் அடியோடு போய்விடுகிறது, நமக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, கறுப்புத் திரைக்கு வருவோம்.

ஜூன் 12-இல் மேட்டூரில் தண்ணீர் திறந்தால் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலில் தானாக வந்து நிற்பதில்லை. மேட்டூர் மதகுக்குக் கல்லணை வரை அனுப்பத்தான் தெரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுகிறார்கள். வெண்ணாற்றுத் தண்ணீர் தென்பெரம்பூர் தலைப்பில் மறுபடி பிரிகிறது. அப்படியே ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால், கடைசியில் மடை. ஒவ்வொரு மதகும் தனக்கு அடுத்ததற்கு மட்டும் கொடுக்கும். நடுவில் ஒன்று அடைபட்டால் மேலே எவ்வளவு தண்ணீர் இருந்தும் கீழே வயல் காய்ந்து கிடக்கும்.

கணினி விழித்தெழுவதும் இப்படிக் கைமாற்றிக் கைமாற்றித்தான். பொத்தானை அமுக்கியதும் முதலில் ஓடுவது வட்டில் இருக்கும் எதுவும் அல்ல. தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் நிரல் அது. பயாஸ் என்று கடையில் சொல்வார்கள், நிலைபொருள் என்று எழுதுகிறோம். விண்டோஸ் என்றால் என்ன, லினக்ஸ் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: வட்டின் முதல் பிரிவுக்குப் போ, அங்கே இருக்கும் 512 பைட்டை எடு, கடைசி இரண்டு பைட்டில் குறித்த முத்திரை இருக்கிறதா என்று பார், இருந்தால் அதை ஓட்டு. அந்த 512 பைட்டில் 64 பைட், வட்டு எப்படிப் பாகம் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. மீதியில் 446 பைட் நிரலுக்கு. இந்த ஒரு பத்தியில் இருக்கும் எழுத்துகளைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. அவ்வளவு சிறிய நிரலால் இயங்குதளத்தை எழுப்ப முடியாதுதான். அடுத்த நிரல் வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும், அது போதும்.

அந்த அடுத்த நிரல்தான் துவக்கி. அரசு மடிக்கணினியில் விண்டோஸா பாஸா என்று கேட்கும் பட்டியல் அதன் வேலை, அதன் பெயர் கிரப். கல்லணை போல வழி பிரிவது இங்கேதான். கிரப்பின் ஒரு பகுதி, முதல் பிரிவுக்கும் முதல் பாகத்துக்கும் இடையில் விடப்பட்ட வெற்றிடத்தில் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கும். அது எந்தக் கோப்பிலும் சேராது, எந்த ஃபோல்டரிலும் தெரியாது. அங்கிருந்து இயங்குதளத்தின் கருவுக்கு, கருவிலிருந்து இயக்கிகளுக்கு, அதிலிருந்து சேவைகளுக்கு என்று இறங்கி, கடைசியில் நமக்குத் தெரிந்த மேசைத்திரை வருகிறது.

புலம்பிய தம்பி படியெடுத்தது கோப்புகளை. முதல் 512 பைட்டும், பெயரில்லாத அந்த வெற்றிடமும் கோப்புகள் அல்ல என்பதால் அவர் கண்ணில் படவே இல்லை. வயல் முழுவதையும் வரப்போடு பெயர்த்து வைத்துவிட்டார், தலைமதகு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நிலைபொருள் புது வட்டின் முதல் பிரிவைத் திறந்து பார்க்கிறது, நிரல் இல்லை, நின்றுவிடுகிறது. பின்னால் வந்த மாடல்களில் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை இருக்கிறது. அதில் துவக்கி ஒரு தனிச் சிறு பாகத்தில் முறையான கோப்பாகவே இருக்கும். ஆனால் விண்டோஸ் அந்தப் பாகத்துக்கு எழுத்து கொடுத்துக் காட்டுவதில்லை. ஆகவே சி, டி என்று தெரிவதை மட்டும் படியெடுப்பவருக்கு அங்கும் இதே கதிதான்.

இதற்கு வழி, கோப்பு என்ற பார்வையையே விட்டுவிட்டு வட்டை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை அப்படியே நகலெடுப்பது. க்ளோன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தைவான் நாட்டின் உயர்திறன் கணிமை மையத்தில் உருவான க்ளோன்ஜில்லா இதற்கென்றே உள்ள இலவச மென்பொருள். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். பென்டிரைவிலிருந்து துவக்குவதில் ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகள் நொடிக்கு நொடி மாறும். அது உறங்கும்போது எடுக்கிற நகல்தான் ஒரே கணத்தின் நகலாக இருக்கும்.

இங்கே பலர் முட்டிக்கொள்ளும் இடம் அளவு. பழையது 320 ஜிபி, வாங்கி வந்தது 240 ஜிபி. பெரிய வட்டின் அமைப்பைச் சிறிய வட்டில் அப்படியே வைக்க முடியாது, க்ளோன்ஜில்லாவும் மறுத்துவிடும். உள்ளே இருக்கும் தரவு 90 ஜிபிதான் என்றாலும், பாகத்தின் எல்லை 320-இன் கடைசிவரை நீண்டிருப்பதுதான் தடை. பழைய வட்டிலேயே பாகத்தின் எல்லையை முதலில் சுருக்க வேண்டும். ஜிபார்ட்டட் என்ற மென்பொருளோ விண்டோஸின் வட்டு மேலாண்மையோ இதைச் செய்யும். 240 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 223 என்று காட்டுவதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸ் எண்ணுவது 1,024-ஐ மூன்று முறை பெருக்கிய கணக்கு. சுருக்கும்போது இந்த 223-ஐத்தான் மனதில் வைக்க வேண்டும்.

சுருக்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு, அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: பழைய வட்டின் உடல்நிலையைப் பார்ப்பது. ஒவ்வொரு வட்டும் தன் நோய்க்குறிப்பைத் தானே எழுதி வைத்திருக்கிறது, ஸ்மார்ட் அட்டவணை என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில் திறந்தால் தெரியும். 5 என்ற எண்ணுள்ள வரி, எத்தனை பிரிவுகள் கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். 197 என்ற வரி, எத்தனை பிரிவுகள் படிக்க முடியாமல் தொங்கலில் நிற்கின்றன என்பதை. 197-இல் சுழியம் தவிர வேறு எண் இருந்தால் சாதாரண க்ளோன் பாதியில் நின்றுவிடும். நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப முட்டினால், தேய்ந்த வட்டு அதோடு போய்ச் சேரவும் கூடும். அதற்கென்று ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இருக்கிறது. கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் கரைசேர்க்கும். எந்தெந்த இடம் விடுபட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகும். எல்லாம் முடிந்தபின் விடுபட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து பொறுமையாக முயலும். அந்தக் குறிப்பேடு இருப்பதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். பத்து வயதைக் கடந்த இந்த மடிக்கணினிகளில் பேட்டரி பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். பழைய யூஎஸ்பி 2 துளை வழியாக நகலெடுத்தால் விநாடிக்கு 30 எம்பி சொச்சம்தான். 320 ஜிபி முழுவதற்கும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பிடிக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று மின்வாரியம் நாளிதழில் அறிவித்த நாளில் இதைத் தொடங்கக் கூடாது. அப்படியே கரண்ட் போய்விட்டாலும் பதற வேண்டாம். நகலெடுக்கும்போது பழைய வட்டிலிருந்து படிக்க மட்டுமே செய்கிறோம், எழுதுவதில்லை. புதியது அரைகுறையாக நிற்கும், பழையது அப்படியே இருக்கும். பதற வேண்டிய தவறு ஒன்றே ஒன்றுதான், எது மூலம் எது நகல் என்று மாற்றிச் சொல்லிவிடுவது. காலி வட்டு, நிறைந்த வட்டின்மேல் எழுதப்பட்டுவிட்டால் பத்தாண்டுப் படங்களும் போயிற்று. திரையில் இரண்டு வட்டின் தயாரிப்பாளர் பெயரும் அளவும் தெரியும். ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு அமுக்குவது நல்ல பழக்கம்.

நகல் முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுத்தான் முதல்முறை துவக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். இது வெறும் எச்சரிக்கை உணர்வு அல்ல. ஒவ்வொரு வட்டிலும், வட்டின் ஒவ்வொரு பாகத்திலும் ஓர் அடையாள எண் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் தன் வேர்ப்பாகத்தைத் தேடுவது இந்த எண்ணை வைத்துத்தான். அச்சுப்பிசகாத நகலில் அந்த எண்ணும் அச்சுப்பிசகாமல் வந்திருக்கும். இரண்டு வட்டும் ஒன்றாகச் செருகியிருந்தால் லினக்ஸ் எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்ளும். புது வட்டிலிருந்து கிளம்பிப் பழைய வட்டில் எழுதிக்கொண்டிருப்பதும் நடக்கும். விண்டோஸ், ஒரே எண்ணுள்ள இரண்டாவது வட்டைப் பார்த்தால் அதை ஒதுக்கி வைத்துவிடும். கோப்புகளை மட்டும் படியெடுத்தபோது துவக்க நிரல் வராததால் சிக்கல், முழுதாக நகலெடுத்தபோது அடையாள எண்ணும் வந்ததால் சிக்கல். இரண்டுக்கும் வேர் ஒன்றே: இயங்குதளம் என்பது கோப்புகளும், அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரிகளும் சேர்ந்தது.

க்ளோன் எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு 2011-இல் வந்த இந்தப் பெட்டிகளில் இல்லை. பத்தாண்டுக் குப்பையும் வைரஸும் சேர்ந்த விண்டோஸைப் புது எஸ்எஸ்டியில் பத்திரமாகக் கொண்டுபோய் வைப்பதைவிட, எடை குறைந்த ஒரு லினக்ஸைப் புதிதாக நிறுவி, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொள்வது பல வீடுகளுக்கு நல்லது. பழைய கணக்கு மென்பொருளோ, வேறெங்கும் ஓடாத பில்லிங் நிரலோ இருந்தால்தான் க்ளோன் தவிர்க்க முடியாதது.

எஸ்எஸ்டி தரவை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் ஒரு டிரான்சிஸ்டருக்குள் எதனுடனும் மின்தொடர்பு இல்லாத ஒரு தீவை வைத்தார்கள். மிதவை வாயில் என்று அதைச் சொல்லலாம். சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு. அதற்குள் எலக்ட்ரான்களைச் செலுத்திவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேற வழியில்லை. வழியில்லாத இடத்துக்குள் போனது எப்படி? ஆக்சைடு பத்து நானோமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இருந்து, வலுவான மின்புலமும் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அந்தச் சுவரை ஊடுருவிவிடும். குவாண்டம் இயற்பியல் இதைத் துளைத்தல் என்கிறது. உள்ளே எலக்ட்ரான் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதில்லை. அவை இருந்தால் டிரான்சிஸ்டரை இயக்க அதிக மின்னழுத்தம் தேவைப்படும், அந்த வேறுபாட்டை அளந்தே 0, 1 என்று படிக்கிறார்கள். இத்தகைய கலங்களை நெருக்கமாகத் தொடுத்து மலிவாக்கும் நாண்ட் அமைப்பை ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987-இல் வெளியிட்டார்கள். இன்றைய எஸ்எஸ்டி, பென்டிரைவ், கைபேசி நினைவகம் மூன்றும் அந்த வழியில் வந்தவை.

ஒவ்வொரு முறை துளைக்கும்போதும் ஆக்சைடு கொஞ்சம் தேய்கிறது. அதனால் ஒரே கலத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு வேலையை எல்லாக் கலங்களுக்கும் சுழற்றிவிடுகிறது. வீட்டு உபயோகத்தில் இந்தத் தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன, வெப்பம் கூடினால் கசிவும் கூடும். எழுதும் வரம்பு முழுவதும் தீர்ந்துபோன ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமே இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் தர அளவுகோல். புதியது இதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டுப் பீரோவுக்குள், ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைக்கிற பொருள் அது இல்லை.

வன்தட்டில் இருப்பது காந்தப் பதிவு, அது இப்படிக் கசிவதில்லை. கழற்றிய பழைய வட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு யூஎஸ்பி உறையில் போட்டுக்கொள்ளலாம். ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197 இரண்டுக்கும் எதிரே சுழியம் இருந்தால், புது வட்டில் ஒரு மாதம் எல்லாம் சரியாக ஓடுகிறதென்று பார்த்தபின் அதை அழித்து, கல்யாணப் படங்களுக்கும் பத்திர நகல்களுக்கும் இரண்டாவது பிரதியாக வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி அந்த இரண்டு வரிகளையும் பார்க்க வேண்டும். 197 ஏறத் தொடங்கிய வட்டு இந்த வேலைக்கு ஆகாது.